புல்லின் நிறமும் மழையின் அளவும்



நம் பள்ளித் திடலைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு வாரம் மழை பெய்யாவிடில் புல் மஞ்சளிக்கத் தொடங்கும். ஒரு நல்ல மழைக்குப் பின் சில நாள்களில் மீண்டும் துளிர்க்கும். மழைமானி இல்லாமலேயே மழையின் கதையைப் புல் சொல்லிவிடும். ஆப்பிரிக்காவின் பரந்த புல்வெளியில் இதே பாடத்தை அறிஞர்கள் வானத்திலிருந்து கற்ற வரலாற்றை இங்கே கூறுகிறேன்.

சகாராப் பாலைவனத்தின் தெற்கே, செனகல் முதல் சூடான் வரை நீளும் நிலப்பட்டைக்குச் சாகேல் என்று பெயர். அரபு மொழியில் 'கரை' என்பது பொருள். மணற்கடலுக்கு அதுவே கரை! அங்கு ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே மழை. அதன் வட எல்லையில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். நம் நாட்டில் ஒரே மாதத்தில் அவ்வளவு பெய்துவிடும். அந்த மழையை நம்பிப் புல். புல்லை நம்பி மாடு. மாட்டை நம்பி ஃபுலானி முதலிய மேய்ப்பர் குடிகள்.

1968 முதல் 1973 வரை அங்கே கொடிய வறட்சி நிலவியது. பின்னர் 1975-இல் சூடானில் நடந்த ஓர் ஆய்வு, பாலைவனம் பதினேழு ஆண்டுகளில் 90 முதல் 100 கிலோமீட்டர் வரை தெற்கே நகர்ந்துவிட்டதாகக் கூறியது. இவ்வாறு நிலம் பாழாவதற்குப் புல்லை மேய்ந்த மந்தையும் மரத்தை வெட்டிய கோடரியுமே காரணம் எனப் பலர் முடிவு கட்டினர். ஆனால் ஒப்பிடப்பட்டவை எவை? மழை மிகுந்த காலத்து நிலப்படம் ஒன்று. வறட்சியை ஒட்டிய காட்சி மற்றொன்று. இரண்டே நாள்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு மாணவனின் முழு ஆண்டையும் கணிப்பது முறையாகுமா?

ஆண்டுதோறும் அளந்து பார்க்கத் துணைக்கோள் உதவியது. பச்சை இலை, ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை உட்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரையோ பெரிதும் திருப்பி அனுப்பும். காய்ந்த புல்லிலும் வெறும் மண்ணிலும் இந்த வேறுபாடு சிறிது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீட்டு எண். அகச்சிவப்பு 40, சிவப்பு 10 எனக் கொண்டால் விடை 0.6. அகச்சிவப்பு 30, சிவப்பு 20 ஆனால் 0.2 மட்டுமே. ஆறாம் ஆண்டு மாணவர் போட்டுப் பார்க்கவும்.

நிலத்தை ஆராயவென்றே 1972-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் துணைக்கோள், ஓரிடத்திற்குத் திரும்பிவரப் பதினெட்டு நாள்கள் ஆயின. மேகங்களைக் காணவென அமைந்த நோவா வானிலைத் துணைக்கோள்களோ நாள்தோறும் உலகைச் சுற்றிப் பார்த்தன. மேகத்தைப் பார்க்கப் போனவை புல்லுக்குக் கணக்கர் ஆயின! மேகம் மறைத்த நாள்களை விலக்க, பல நாள் படங்களுள் ஒவ்வோர் இடத்திற்கும் மிகுதியாக உள்ள எண்ணையே எடுத்துக்கொண்டனர்.

எண் மட்டும் போதுமா? செனகல் நாட்டின் பெர்லோ வட்டாரத்தில் ஆய்வாளர்கள் புல்லை அறுத்து, உலர்த்தி, நிறுத்து, அந்த எடையைத் துணைக்கோள் எண்ணோடு ஒப்பிட்டனர். என்னைக் கேட்டால், இவ்வாராய்ச்சியில் போற்றத்தக்கது இந்த அரிவாள் வேலையே.

காம்ப்டன் டக்கர் என்னும் அமெரிக்க அறிவியலாரும் அவர்தம் துணைவரும் 1980 முதல் 1990 வரை சகாராவின் தென் எல்லையைக் கணித்து, 1991-இல் வெளியிட்டனர். மழை பொய்த்த 1984-இல் அவ்வெல்லை, 1980-இல் இருந்ததைவிட ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தெற்கே இருந்தது. மறு ஆண்டே மழை தேற, எல்லையும் வடக்கே பின்வாங்கியது. பின்னரும் முன்னும் பின்னுமாக அசைந்தது. ஒரே திசையில் நடைபோடும் பாலைவனத்தை அவர்கள் காணவில்லை. மேய்ப்பர்மீது சுமத்திய பழியில் பெரும்பகுதி மழையைச் சேர வேண்டியதாயிற்று. கிணறுகளைச் சுற்றி மாடுகள் மிதித்து மொட்டையான நிலமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

இவ்வெண்களால் வேறொரு நன்மையும் விளைந்தது. 1985-இல் அமெரிக்க அரசு தொடங்கிய பஞ்ச முன்னறிவிப்புப் பணி, எங்கே பசுமை குன்றுகிறது என்பதைக் கண்டு, உணவு தட்டுப்படுமுன் எச்சரிக்க இவற்றைக் கையாண்டது. எனினும், பச்சையாகத் தெரிவதெல்லாம் மாடு தின்னும் புல்லன்று, முட்புதரும் பச்சையே.

சாகேலின் கணக்கை நம் தோட்டத்திற்கு அப்படியே பொருத்த இயலாது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டரைக் கடந்தபின், மழை கூடினாலும் குறியீட்டு எண் அதற்கேற்ப உயர்வதில்லை. ஆயினும் திடலின் ஓரத்தில் ஒரு மீட்டர்ச் சதுரம் குறித்து, மாதந்தோறும் புல்லை அறுத்து, உலர்த்தி, நிறுத்து, மழையளவுடன் எழுதி வரலாம். தராசு என் அறையில் இருக்கிறது.