டீசல் ஜெனரேட்டரின் எண்ணெய் வழி

மின்சாரம் நின்ற வேளையில் விசைத்தறிகளைக் காக்கவேண்டிய ஜெனரேட்டர் சற்று ஓடித் திணறி நின்றுவிடுமாயின், அங்கத்தினர் பலர் முதலில் பம்பையே கழற்ற முற்படுகின்றனர். அதன் உட்பாகங்களின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. சிறு தூசியும் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலும் குற்றம் எண்ணெயில் கலந்த நீர், அடைபட்ட வடிகட்டி, குழாயில் புகுந்த காற்று இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். இதை எழுதுபவனும் ஒருமுறை பம்பைக் கழற்றி இரண்டு நாள் தறிகளை நிறுத்தியவனே. குற்றமோ, எண்ணெய் சொட்டாமலே காற்றை உள்ளிழுத்த ஒரு பழைய செம்பு வாஷரில் இருந்தது!

பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரால் ஈரம் நீராகப் படியும். ஆதலின் மாலையிலேயே தொட்டியை நிரப்பி, காலையில் ஓட்டுமுன் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிடுக. துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் டீசலைச் சேமித்தல் ஆகாது, கசடு உண்டாகும்.

வடிகட்டியை மாற்றியபின் காற்றை நீக்கியே தீரவேண்டும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துக. நுரை நீங்கித் தெளிந்த எண்ணெய் வழியும்போதே திருகை இறுக்குக. பின்னர் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. அப்போதும் எஞ்சின் கிளம்பாவிடில், நாசில் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றி, காற்று வெளியேறியதும் இறுக்குக.

ஓடும் எஞ்சினில் உயரழுத்தக் குழாயின் கசிவைக் கைவிரலால் தேடுதல் கூடவே கூடாது. ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கவேண்டும். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினும் விரலை இழக்க நேரலாம். வலி இல்லையென்று காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்க.