மோட்டர் எரியுமுன் தரும் அறிகுறிகள்

வெங்காயம் பருக்கும் நாட்களில் இறைப்பு மோட்டர் எரிந்தால், சுருளை மீளச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் பயிர் வாடிவிடும். ஆனால் மோட்டர் பெரும்பாலும் திடீரெனப் பழுதாவதில்லை. ஓசையாலும் சூட்டாலும் அது முன்கூட்டியே அறிவிக்கும்.

முதலில் தேய்வது அநேகமாகப் பெயாரிங்தான். நீண்ட திருப்புளியின் நுனியைப் பெயாரிங் இருக்கும் மூடியில் ஊன்றி, பிளாஸ்ரிக் பிடியைக் காதருகே வைத்துக் கேட்போம். சீரான ரீங்காரம் நல்லது. கரகரப்புத் தேய்வின் அடையாளம். (சுழலும் தண்டுக்கு விலகி நிற்க வேண்டும். சால்வையை முதலில் கழற்றி வைப்போம்.) சுருளை மீளச் சுற்றும் செலவுடன் பார்த்தால் பெயாரிங் மலிவு.

அடுத்தது சூடு. சுருளின் காவலி தாங்கும் எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை செல்சியசுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளரின் கைக்கணக்கு. மழைக்குப் பயந்து மோட்டரைச் சாக்கால் மூடி ஓட்டுவது அதனை மூச்சடைக்க வைப்பதே. மேலே கூரை போடலாம்.

மிகவும் பயனுள்ளது அம்பியர் கணக்கு. மின்வினைஞரைக் கொண்டு கிளாம்ப் மீற்றரால் அளப்பிக்கலாம். ஒரு கம்பியை மட்டுமே கவ்வ வேண்டும்; போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் பூச்சியமே காட்டும். மோட்டர் நலமாக ஓடும் நாளிலேயே அளந்து, திகதி, வோல்ற்று, கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றுடன் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். வோல்ற்று குறைந்தாலும் அம்பியர் ஏறும். அதனால்தான் இரண்டும் தேவை. வோல்ற்றும் நீர்மட்டமும் மாறாதிருக்க, 6 அம்பியரில் ஓடிய மோட்டர் 7 காட்டினால், அன்றைய இறைப்பு முடிந்ததும் பெயாரிங்கையும் பம்பையும் கழற்றிப் பார்ப்பிக்க வேண்டும்.