இளஞ்சூட்டில் வேப் ஜூஸ் ஊறப் போடுவது

கோடையில் துபாய் ஜெபல் அலி தொழிற்பேட்டைப் பக்கம், நிறுத்தியிருக்கும் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு சின்ன பாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் யாரோ ரூமில் கலந்த வேப் ஜூஸாகத்தான் இருக்கும். வெயிலில் வைத்தால் மூன்று வாரம் ஊற வேண்டியது ஒரே நாளில் ஊறிவிடும் என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு நாலு பேர் செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் ஜூஸ் சுலைமானி டீ நிறத்துக்கு வந்திருக்கும். "நல்லா ஊறிடுச்சுண்ணே" என்பார்கள். இழுத்தால் தொண்டை கமறும், வெனிலா இருந்த இடத்தில் ஒரு காரநெடி இருக்கும். ஊறியதல்ல அது, கெட்டுப்போனது.

கோடையில் இந்த ஊரில் பூட்டிய காருக்குள் சூடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்கு வேண்டியது 45 முதல் 50 வரைதான். குளிர்நாட்டுக்காரர்கள் சூட்டை எப்படி உண்டாக்குவது என்று யோசிக்கிறார்கள். இங்கே நாம் அதை எப்படி அடக்குவது என்றுதான் யோசிக்க வேண்டும்.

இது ஏற்கெனவே கலக்கத் தெரிந்தவர்களுக்கான கட்டுரை. சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எதையுமே புகைக்காதவர் இதைப் புதிதாகப் பழக ஒரு காரணமும் கிடையாது, அவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அமீரகத்தில் 2019 ஏப்ரலில்தான் வேப் விற்பனை சட்டபூர்வமானது. அந்த ஆண்டு முடிவதற்குள் 100 சதவீத கலால் வரியும் வந்து உட்கார்ந்தது. ரூமில் கலக்கும் பழக்கம் பரவியதற்கு அந்த விலையும் ஒரு காரணம்.

கலக்கும் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 0.01 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். சிரிஞ்சில் அளந்து கை பிசுபிசுப்பதைவிட எடையில் அளப்பது சுத்தம், கணக்கும் தப்பாது. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கிரோசரியில் கிடைக்கும் கேக் எசென்ஸ், ஏலக்காய் எண்ணெய், கிராம்பு எண்ணெய், தேன், சர்க்கரைப் பாகு எதுவும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. 2019-20-ல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டு 2,800-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் குற்றவாளி என்று விரல் நீட்டப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள். அது பெரும்பாலும் கஞ்சாச் சத்து அடைத்த காட்ரிட்ஜ்களில் இருந்தது. வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைல் சேர்த்த ஃபிளேவரையும் தள்ளி வையுங்கள். பாப்கார்ன் ஆலையில் அதைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்த சரக்கு அது. சூடு காட்டினால் அது போய்விடும் என்று நம்பாதீர்கள்.

சரி, சூடு உண்மையில் என்ன செய்கிறது? விஜி எனப்படும் கிளிசரின் பாகு மாதிரி கெட்டி. ஏசி ஓடும் ரூமில், 20 டிகிரியில், அது தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். 50 டிகிரிக்குக் கொண்டுபோனால் அந்தக் கெட்டித்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்போது குலுக்கினால் ஃபிளேவர் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும். சூட்டின் பெரிய உதவி இதுதான். ஊறுதல் என்று நாம் சொல்வதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. வெனிலாவின் வெனிலின், பட்டை வாசத்தின் சின்னமால்டிஹைடு போன்றவை பிஜி எனப்படும் புரொப்பிலீன் கிளைக்காலோடு வினைபுரிந்து வேறு பொருளாக மாறுகின்றன. 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். சாதாரண அறைச் சூட்டிலேயே அது தானாக நடக்கும், ஆனால் நாள்கணக்கில். சூடு அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் ஒரு மாதத்தை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எல்லா ஜூஸுக்கும் சூடு வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாம்பழம், தர்பூசணி, எலுமிச்சை, புதினா இதெல்லாம் சூட்டில் வாசத்தை இழக்கும். அவற்றை நன்றாகக் குலுக்கி இரண்டு மூன்று நாள் அலமாரியில் வைத்தால் போதும். கஸ்டர்டு, வெனிலா, காபி, புகையிலை வகைகளுக்குத்தான் கீழே சொல்லும் பாடு. எலுமிச்சையைச் சூடு காட்டி வீணடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம், அதாவது பாட்டிலை நிறுத்திச் சூடு காட்டும் வெந்நீர்.

நேரே அடுப்பில் வைக்க வேண்டாம், ஃபிளேவர் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் குளிர்ந்திருக்கும். ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். அது சோற்றைக் கெடாமல் வைப்பதற்கான சூடு, 60-க்கு மேல்தான் நிற்கும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி நன்றாகத்தான் கலக்கும். ஆனால் ஓட ஓட அதன் தண்ணீர் தானே சூடேறும், விலைக்கும் அது தேறாது. என் ஓட்டு ஹாட்பாக்ஸுக்கு. ஊரிலிருந்து வரும்போது சப்பாத்தி வைக்க என்று ஒன்று கொண்டுவந்திருப்பீர்கள் அல்லவா, அதே சாமான்தான். ஆனால் அதையே எடுக்காதீர்கள். இதற்கென்று மலிவாகத் தனியாக ஒன்று வாங்கி, மூடியில் மார்க்கரால் 'சாப்பாட்டுக்கு அல்ல' என்று எழுதிவிடுங்கள். பக்கத்து பெட்காரர் படிக்கும் மொழியிலும் எழுதுங்கள்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். விரல் விட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது.

தண்ணீரை எங்கே பிடிப்பது? ஜூலை, ஆகஸ்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரே கையைச் சுடும் என்பது தொழிலாளர் கேம்ப்வாசிகளுக்குத் தெரியும். ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் தேங்கிக் குளிர்ந்த தண்ணீரை 'ஹாட்' குழாயில் பிடித்துக் குளிக்கிற ஊர் இது. கோடைக் குழாய் நீர் 40 டிகிரி இருந்தால், ஐந்து பங்கு குழாய் நீருக்கு ஒரு பங்கு கெட்டில் கொதிநீர் சேர்த்தால் 50 வந்துவிடும். ஜனவரியில் குழாய் நீர் 25-க்கு இறங்கும்போது இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கொதிநீர். இது காகிதக் கணக்கு. ஹாட்பாக்ஸும் பாட்டிலும் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும், ஆகவே முதலில் வெறும் வெந்நீரை ஊற்றிப் பெட்டியைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். பிறகு கலந்த நீரை ஊற்றி அளந்து பாருங்கள். 52 காட்டினால் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர். 46 காட்டினால் அப்படியே விடுங்கள். குறைந்தால் நேரம்தான் கூடும், கூடினால் சரக்கே போகும்.

பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும், பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. பெட் பிளாஸ்டிக் பாட்டில் சூட்டில் நெளியலாம், மூடி தளரலாம். கழுத்து வரை நிரப்பாமல் மேலே கால்வாசி காலி விடுங்கள், குலுக்க இடம் வேண்டும். மூடியை இறுக்கி, தண்ணீர் பாட்டிலின் தோள் வரைக்கும் மட்டும் நிற்கும்படி நேராக நிறுத்துங்கள். மூடி முங்கக் கூடாது. பாட்டிலை ஜிப் பையில் போட்டு இறக்கினால் இன்னும் பத்திரம், லேபிளும் ஊறிப் போகாது.

ஹாட்பாக்ஸை மூடி அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மென்மையாக ஆட்டினால் போதாது. நுரை பொங்கி வெள்ளையாக வேண்டும், பிறகு தானே தெளியும். ஒவ்வொரு முறையும் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். 42-க்குக் கீழே போனால் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கொதிநீர் சேர்க்க வேண்டும், பாட்டில் வெளியே இருக்கும்போதுதான். குளிர்ந்த பாட்டில் மேல் கொதிநீரை நேரே ஊற்றிக் கண்ணாடி விரிசல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். மொத்தம் இரண்டு மணி நேரம் போதும். நாலு மணி நேரம் வைத்தால் இரண்டு மடங்கு நன்றாக வரும் என்பது பேராசை.

வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் நல்ல வாசம்தான் முதலில் பறக்கும். ஆறிய பிறகு, முகர்ந்து பார்த்து ஸ்பிரிட் நெடி அடித்தால் மட்டும், ஏசி அறையில் அரை மணி நேரம் திறந்து வைக்கலாம். பால்கனியில் திறந்து வைக்காதீர்கள். கிளிசரினும் பிஜியும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. ஆகஸ்டில் கடல்காற்று அடிக்கும் ஜெபல் அலியில் இரவெல்லாம் திறந்து கிடந்த பாட்டில் தண்ணீர் குடித்து, நீர்த்துப்போய், மெஷினின் காயிலில் படபடவென்று தெறிக்கும்.

நிக்கோடின் எப்போது? எல்லாம் ஆறிய பிறகு, கடைசியில். டேஷ்போர்டு ஜூஸ் கறுத்ததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் நிக்கோடினை ஆக்சிஜனேற்றும். நிறம் மாறும், தொண்டையைக் கீறும். வெனிலாவும் நாள்பட நிறம் ஏறும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து ஊறியதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நிக்கோடின் இல்லாமல் சூடு காட்டினால் அந்தக் குழப்பம் பாதி தீரும். 50 மில்லி ஊறிய ஜூஸில் மில்லிக்கு 18 மில்லிகிராம் வலு உள்ள நிக்கோடின் 10 மில்லி சேர்த்தால், 60 மில்லியில் மில்லிக்கு 3 மில்லிகிராம் ஆகும். 18-ஐவிட வலுவான கரைசலை ரூமில் வைத்துப் புழங்காதீர்கள். நிக்கோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். கையுறை போடுங்கள், சிந்தினால் உடனே சோப்பும் தண்ணீரும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை வந்தால் 'கொஞ்சம் படுத்தால் சரியாகும்' என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு.

சேர்த்ததும் மறுபடி குலுக்கி, தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள். கஸ்டர்டு வகைக்கு இன்னும் பத்து நாள் கொடுப்பேன். காபிக்கு ஒரு வாரம். புகையிலை ஃபிளேவர் என்றால் பொறுமைசாலிகளுக்கு மட்டும், இரண்டு வாரம். சூடு காட்டாவிட்டால் இதெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு நாள் பிடிக்கும். மிச்சமாவது அந்தப் பாதிதான்.

பொது ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். ஆறு பேர் இருக்கும் ரூமில் பழ வாசம் வீசும் சின்ன பாட்டிலை யாராவது சிரப் என்றோ கண் சொட்டு மருந்து என்றோ எடுத்துவிட முடியும். குடும்பத்தோடு டிஸ்கவரி கார்டன்ஸ் பக்கம் இருப்பவர்கள் குழந்தை திறக்க முடியாத மூடியும் பூட்டு உள்ள அலமாரியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

லீவுக்குக் கிளம்பும்போது எத்தனை நன்றாக ஊறியிருந்தாலும் பாட்டிலையும் மெஷினையும் ரூமிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் முழுச் சட்டமான தடை அமலில் இருக்கிறது. இறக்குமதிக்கு முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு அதைவிடக் கவனம் தேவை. அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்.