பழைய ஜீப்பில் பெரிய டர்போ இன்ஜின்

மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் கம்பெனி வைத்துக் கொடுத்தது பெஜோ வடிவமைப்பில் வந்த 2112 சிசி டீசல் இன்ஜின். 4500 சுற்றில் 62 குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு நான் ஏற்றியது பழைய பொலேரோ டி.ஐ.யின் 2523 சிசி டர்போ இன்ஜின். அதன் திறன் 63 குதிரைத்திறன். ஒரு குதிரை கூடுவதற்கா இத்தனை பாடு என்று கேட்காத ஆளில்லை. விடை முறுக்குவிசையில் இருக்கிறது. பெஜோ 2000 சுற்றில் ஏறக்குறைய 120 நியூட்டன் மீட்டர் தரும். டர்போ 1500 சுற்றிலேயே 180 தந்துவிடும். மதுரையை அடுத்த சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் தேங்காய் ஏற்றிய டிரெய்லரை இழுத்துப் பார்த்தால் அந்த 60 எவ்வளவு பெரியது என்று தெரியும். பழைய இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்சைத் தேய்த்து, கருகல் வாடையோடுதான் வண்டி நகரும். இப்போது ஐடிலிங்குக்குச் சற்று மேலே வைத்தாலே கிளம்பிவிடுகிறது.

பெரிய இன்ஜினுக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் பேப்பரும் பேனாவும் எடுக்க வேண்டும். டி.ஐ. இன்ஜினின் போர் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 101.6. நீண்ட ஸ்ட்ரோக், டிராக்டர் இன்ஜினின் குணம். 3200 சுற்றுக்கு மேல் அது ஏறாது. 6.00-16 டயரின் சுற்றளவு சுமார் 2.25 மீட்டர். பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் விகிதம் 5.38 என்று வையுங்கள். நேர் விகித டாப் கியரில் 3200 சுற்றுக்கு வேகம் 80 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதே ஆக்சிலில் பெஜோ 4500 சுற்றில் கணக்குப்படி 113 வரை போகும். அதாவது பெரிய இன்ஜின் போட்டதால் வண்டியின் உச்ச வேகம் குறைகிறது. தோப்புக்கும் வரப்புக்கும் எனக்கு அது பொருந்தும். நான்குவழிச் சாலையில் பறக்க நினைப்பவருக்கு ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் மாற்றாமல் இந்த இன்ஜின் உதவாது.

சாலை என்றதும் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2112 சிசி என்று ஆர்.சி. புக்கில் இருக்க, உள்ளே 2523 இருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி. தர மாட்டார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கும். என் ஜீப் எங்கள் தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. வெளியே போக வேண்டுமானால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ரோட்டில் எதிரே வருகிறவருக்கு என் சோதனை வண்டியால் ஆபத்து வரக் கூடாது.

இன்ஜின் வாங்க மதுரைக்காரர்கள் பெரும்பாலும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போவார்கள். எங்கே வாங்கினாலும் மூன்று காரியம் பாருங்கள். இன்ஜின் நம்பர் தேய்க்கப்படாமல் தெளிவாக இருக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கு ஆர்.சி. நகலும் கடை பில்லும் வேண்டும். பில் இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் திருட்டுச் சரக்காக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மூன்றாவது, கியர்பாக்ஸ், கிளட்ச், பெல் ஹவுசிங், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் டப்பா, எல்லாப் பைப்புகள் என்று முழு செட்டாக வாங்குங்கள். சில ஆயிரம் மிச்சம் பிடிக்க இன்ஜினை மட்டும் தனியாகத் தூக்கி வந்தால், விட்டுவந்த சின்னச் சாமான்களுக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். வயரிங்கும் கம்ப்யூட்டரும் கேட்கும் காமன் ரெயில் இன்ஜினை விட, மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டி.ஐ. வீட்டு வேலைக்குத் தோது. டீசலும் ஒரு சோலினாய்டுக்குக் கரண்டும் கிடைத்தால் அது ஓடும்.

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்வதானால் நடுவே அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். அதற்கு மதுரையில் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் வண்டி ஓட ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ செய்துகொடுத்த ஊர் இது. கே.புதூர் பக்கம் லேத் பட்டறையில் வரைபடம் கூடக் கேட்காமல் இரும்பைக் கடைந்து தருவார்கள். ஆனால் கண்ணளவை நம்பக் கூடாத இடம் இது ஒன்று. கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, பெல் ஹவுசிங் துளையைச் சுற்றிவரச் செய்து பாருங்கள். முள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் ஆடினால் பிளேட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஆட்டத்தோடு பூட்டினால் பைலட் பேரிங் போகும், பின்னாலேயே கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் போகும்.

எங்கள் ஊரில் இந்த வேலையின் மையப் பிரச்சினை சூடு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சாதாரணம். தோப்பு வேலையில் வண்டி ஊர்ந்துதான் போகும், எதிர்காற்று கிடைக்காது. அதனால் பழைய ரேடியேட்டரை வைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். டவுனில் ரேடியேட்டர் கடைகளில் செம்புக் கோர் வைத்துக் கட்டித் தருவார்கள். ஃபிரேமில் இடம் இருக்கும் வரை கனமான கோராகப் போடச் சொல்லுங்கள். ஃபேனைச் சுற்றிக் கவசத் தகடு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கவாட்டிலிருந்து சூடான காற்றையே திரும்ப அள்ளும்.

இன்ஜின் சூடானால் எங்கள் பக்கம் முதலில் கழற்றுவது தெர்மோஸ்டாட் வால்வை. எனக்கு உதவிய மூத்த மெக்கானிக்கும் அதையே சொன்னார்.

“வால்வைத் தூக்கிப் போட்டுட்டா சூடே ஏறாது தம்பி.”

“பைபாஸ் வழி திறந்தே கெடக்குமேண்ணே. தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்துமே?”

அவர் வால்வை வெந்நீர்ச் சட்டியில் போட்டு, அது விரிந்து பைபாஸ் வாயை மூடும் விதத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரே புது வால்வு வாங்கிவரச் சொன்னார். வால்வில்லாத டீசல் இன்ஜின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடி, ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும். மத்தியானச் சூட்டில் அதற்கு ஒரு பலனும் இல்லை. இன்னொன்று, போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கி நிற்பது ஓர் ஆயில் படலம் மட்டுமே. ஆயில் உள்ளே போகும் மெல்லிய பைப்பை எல்லாரும் கவனிப்பார்கள். வெளியே வரும் பைப்பைத்தான் கவனிக்க வேண்டும். திரும்பும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, தன் கனத்தில் இறங்கி வர வேண்டும். அந்தப் பைப் அகலமாக, எங்கும் தொய்வோ மேடோ இல்லாமல் இறங்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஃபிரேம் இடிக்கிறது என்று வளைத்தால் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ போச்சு என்று புது டர்போ வாங்கிப் போட்டாலும் அந்தப் புகை நிற்காது.

தூசியும் அதே அளவு எதிரி. ஆடிக் காற்றில் திருமங்கலத்துக் கரிசல் பக்கம் வண்டி ஓட்டியவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஓஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மண் நேராக டர்போவின் இறக்கைக்குப் போய் அதன் முனையை அரிக்கும். ஓஸைக் கழற்றி உட்புறம் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கனத்தையும் அளந்து பார்க்க வேண்டும். நெல் லாரி ஏறும் எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, பழைய இன்ஜினோடு ஒருமுறையும் புதியதோடு ஒருமுறையும் எடை போட்டுக்கொள்ளுங்கள். கூடிய கிலோவைச் சொன்னால் பட்டை ஸ்பிரிங் கட்டுகிறவர் அதற்கேற்ப இலை சேர்ப்பார். பிரேக்குக்கு பூஸ்டர் வைத்திருந்தால் ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள வேக்குவம் பம்பையும் அதன் ஆயில் பைப்பையும் விட்டுவிடாதீர்கள். டீசல் இன்ஜினில் வேக்குவம் தானாகக் கிடைக்காது. அந்தப் பம்ப் இல்லாவிட்டால் பெடல் கல்லாக நிற்கும். இன்ஜின் முதல் முறை ஓடுவதற்கு முன்னால் பிரேக்கை முடித்துவிட வேண்டும். நான்கு டிரம்மும் கடைந்து, புது லைனிங் ஒட்டி, ஏர் எடுத்த பிறகுதான் நாங்கள் பேட்டரி வயரையே மாட்டினோம்.

ஓடத் தொடங்கியதும் பம்ப்பில் டீசலை ஏற்றி வைக்கச் சொல்லி நண்பர்கள் வருவார்கள். கேட்காதீர்கள். காற்றுக்கு மீறிய டீசல் கரும்புகையாகப் போகிறது, வெளியேறும் வாயுவின் சூடு கூடுகிறது, பிஸ்டன் தலையும் டர்போவும் அந்தச் சூட்டை வாங்குகின்றன. 180 நியூட்டன் மீட்டர் ஒரு ஜீப்புக்கு ஏராளம்.

ரோட்டில் ஓட்ட ஜீப் வேண்டும் என்பவருக்கு என் யோசனை வேறு. இருக்கிற 2112 சிசி பெஜோவையே இறக்கி, போர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, பம்ப்பையும் நாசிலையும் சர்வீஸ் செய்து ஓட்டுங்கள். பிளாக் விரிசல் விட்டு இன்ஜினே மாற்ற வேண்டிய நிலை என்றால், அதே மாடல் இன்ஜினைத் தேடுங்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் வண்டி மதுரை தெற்கா, வடக்கா, மத்தியா என்று பார்த்து அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஆர்.சி.யோடு போய், மாற்றுவதற்கான அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் தாராளமாக டர்போவை ஏற்றுங்கள். ரேடியேட்டருக்கும் பிரேக்குக்கும் இன்ஜின் விலைக்குச் சமமான தொகையை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.