கேமரா, லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? சில பயனுள்ள குறிப்புகள்

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களில் பலர் கையிலிருக்கும் பணம் முழுவதையும் கேமரா பாடியிலேயே போட்டுவிடுகிறார்கள். லென்ஸ் வாங்க நேரும்போது ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பாடி ஐந்தாறு வருடத்தில் பழைய மாடலாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் கூட உழைக்கும். அடுத்த கேமராவிலும் மாட்டிக்கொள்ளலாம். அதனால் இங்கே லென்ஸுக்குத்தான் முதலிடம்.

1. கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் ஃபோனில் இருக்கும் படங்களைப் புரட்டிப் பாருங்கள். குழந்தைகள், கோயில், பறவை, தோட்டத்துப் பூச்சி, பயணம் இவற்றில் எது அதிகம்? அதற்கு வேண்டிய லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த லென்ஸ் எந்தக் கம்பெனியில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். பாடியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை.

2. மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைமுறை பழைய பாடியில் நல்ல லென்ஸ் மாட்டி எடுத்த படம், புத்தம் புதிய பாடியில் சுமாரான லென்ஸ் மாட்டி எடுத்ததைவிட நன்றாக இருக்கும். கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, பை ஆகியவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

3. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ.; கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. குறைந்த வெளிச்சத்தில் ஃபுல் ஃப்ரேமுக்குப் பலம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அதற்கான லென்ஸ்கள் பொதுவாகப் பெரியவை, கனமானவை, விலையும் கூடுதல். பொழுதுபோக்குக்கு ஏபிஎஸ்-சி தாராளமாகப் போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

4. மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏ4 அளவில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். 12க்கு 18 அங்குலப் பிரிண்ட்டுக்கு ஏறக்குறைய 20. இன்று ஆரம்ப நிலைக் கேமராக்களிலேயே 24 இருக்கிறது.

5. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை மட்டமாக நினைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வைத்து எடுத்தால் நன்றாகவே எடுக்கும். அதன் குறை வீட்டுக்குள்தான் தெரியும். 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸ் 1/15 நொடி கேட்கும் இடத்தில், இது 1/125 நொடியில் எடுத்துவிடும். குழந்தை லேசாக அசைந்தாலும் முகம் கலங்காது. பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. எஃப் 1.8-ல் எடுக்கும்போது ஃபோகஸ் மிக மெல்லிய பரப்பில்தான் விழும்; அருகிலிருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். நாலு பேர் நிற்கும் படமென்றால் எஃப் 4 அல்லது 5.6-க்குப் போய்விடுங்கள்.

6. பிரைம் லென்ஸில் 35-ஆ, 50-ஆ? இதில்தான் பலர் குழம்புகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு 50 வாங்கச் சொல்பவர்கள் நம் வீட்டு அறைகளின் அளவை யோசிப்பதில்லை. ஏபிஎஸ்-சி கேமராவை நிமிர்த்திப் பிடித்து, நிற்கும் ஒருவரைத் தலைமுதல் கால்வரை எடுக்க 50 மி.மீ. லென்ஸில் 12 அடி பின்னால் போக வேண்டும். 35-ல் எட்டரை அடி போதும். பத்துக்குப் பத்து அறையில் எது உதவும் என்று சொல்லவே வேண்டாம். மொட்டை மாடியிலோ பூங்காவிலோ முகங்களை மட்டும் எடுப்பவர்களுக்கு 50 அருமையானது. சந்தேகம் தீரவில்லையென்றால் உங்கள் கிட் லென்ஸை 35-ல் நிறுத்தி ஒரு வாரம், 50-ல் நிறுத்தி ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். எதில் சிரமமில்லாமல் எடுக்க முடிந்ததோ அதை வாங்குங்கள்.

7. லென்ஸிலோ பாடியிலோ இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஓடும் பிள்ளையை அது நிறுத்தாது.

8. கோயில்களை எடுப்பவர்கள் 10-18 போன்ற அல்ட்ரா வைட் லென்ஸுக்கு ஆசைப்படுவது இயல்பு. கீழே நின்று கேமராவை மேலே தூக்கிப் பிடித்தால் எந்த லென்ஸிலும் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். வைட் லென்ஸில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். தஞ்சைப் பெரிய கோயில்போல விரிந்த பிராகாரம் உள்ள இடங்களில் நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, கேமராவைச் சாய்க்காமல் 18-லேயே எடுத்துப் பாருங்கள். குறுகலான மண்டபங்களுக்கு மட்டும் அல்ட்ரா வைட் உண்மையாகவே தேவைப்படும்.

9. பறவைகளுக்கு 55-250 அல்லது 70-300 நல்ல தொடக்கம். வீட்டு முருங்கை மரத்தில் வந்து உட்காரும் தேன்சிட்டுக்கு அது போதும். வேடந்தாங்கலில் நாம் கரையில் நிற்கிறோம், பறவைகள் ஏரிக்குள் இருக்கும் மரங்களில் இருக்கின்றன. அங்கே 250-ல் மரம் நிறையப் பறவைகள் என்ற படம் கிடைக்கும். ஒற்றைப் பறவையின் கண் கிடைக்காது. அதற்கு 400 முதல் 600 மி.மீ. வேண்டும். 150-600 லென்ஸ் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள். பெரிய ஊர்களில் வாடகைக் கடைகள் உண்டு. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது.

10. பூச்சி, பூ எடுப்பவர்களுக்கு மேக்ரோ. 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ வாங்குங்கள். சற்றுத் தள்ளி நின்றே எடுக்கலாம் என்பதால் வண்ணத்துப்பூச்சி மிரண்டு பறக்காது.

11. டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா? புதிதாக வாங்கினால் மிரர்லெஸ். கம்பெனிகளின் புதிய லென்ஸ்கள் பெரும்பாலும் அதற்குத்தான் வருகின்றன. பணம் குறைவு, பழையது பரவாயில்லை என்றால் டிஎஸ்எல்ஆர் இன்றும் மிக நல்ல பேரம். ஒரு சார்ஜில் அதிகப் படம் எடுக்கும் என்பது கூடுதல் லாபம்.

12. பழைய லென்ஸ் வாங்கும்போது மவுண்ட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் கவலையில்லை. கேனனில் ஈஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தாது. 1987 முதல் வந்த ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு இன்றைய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸிலும் பயன்படுத்தலாம். வீட்டில் பழைய கேனன் ஈஎஃப் லென்ஸ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

13. கடையில் கேமராவை லென்ஸ் மாட்டிய நிலையிலேயே ஐந்து நிமிடம் கையில் வைத்திருங்கள். சுண்டு விரலுக்குப் பிடி கிடைக்கிறதா? கட்டை விரல் எட்டும் இடத்தில் டயல் இருக்கிறதா? கண்ணாடி அணிபவர்கள் வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் சிறிய சக்கரத்தைத் திருப்பி, உள்ளே எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

14. செகண்ட் ஹேண்ட் லென்ஸை ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. சுவரில் செய்தித்தாளை ஒட்டி நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே தெளிவில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பாடிக்கு, வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் எடுத்தால் சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். எத்தனை ஷட்டர் ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். நிக்கானில் அந்த எண் படக் கோப்பிலேயே பதிந்திருக்கும்.

15. புதிது வாங்கும்போது பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். இந்திய வாரண்டி இருக்க வேண்டும். விலை மிகவும் குறைவாக இருந்தால் வாரண்டி இல்லாத வெளிநாட்டு இறக்குமதியாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இலவசப் பை, ஸ்டாண்டுக்குப் பதிலாக விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

16. லென்ஸ் முன்னால் மலிவான யூவி ஃபில்டரை நிரந்தரமாக மாட்டி வைப்பதைவிட ஹுட் மாட்டுவது நல்லது. இடித்துக்கொண்டாலும் காக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும். கார்த்திகை தீபம் எடுக்கும்போது ஃபில்டரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுடருக்கும் ஒரு போலிச் சுடர் படத்தில் தெரியும்.

17. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு லென்ஸின் முதல் எதிரி ஈரப்பதம். கேமராப் பையிலோ தோல் உறையிலோ பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். சமையலறையில் பயன்படுத்தும் இறுக்கமான மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர், இவை மூன்றும் போதும். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 60-ஐத் தாண்டினால் சிலிகா ஜெல்லை மாற்றுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று பார்த்ததுமே தெரியும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பாச்சை உருண்டையை அந்த டப்பாவில் போடவே கூடாது. ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவைத்து, பிறகு கேமராவை எடுத்தால் லென்ஸில் பனி படியாது.