கண்ணாடியிழைப் படகின் அடிப்புறத்துப் பழைய வர்ணத்தை அகற்றும் முறை



நெல்லும் மரக்கறியும் பயிரிடுவதோடு சிறு படகொன்றையும் வைத்திருப்போருக்காக இப்பிரசுரம் எழுதப்படுகிறது. களனி கங்கையின் வடகரையிலுள்ள பேலியகொடையில் மத்திய மீன் சந்தை இருக்கிறது. மெனிங் மரக்கறிச் சந்தையும் 2020 ஆம் ஆண்டிற் புறக்கோட்டையிலிருந்து அவ்வூருக்கே மாற்றப்பட்டது. ஆற்றில் வளரும் மீனும் கரையில் வளரும் கீரையும் இவ்வாறு ஓரூரிலேயே விலையாகின்றன. வீட்டு முற்றத்திற் படகைச் சுரண்டி, விழுந்த தூளை வாய்க்காலிற் கழுவி விடுபவர் இவ்விரண்டிற்கும் ஒருங்கே கேடு செய்தவராவார். ஆதலால் இவ்வேலையை முறையாகச் செய்யக் கற்றுக்கொள்ளுதல் அவசியமாகும்.

1. வர்ணத்தில் உள்ள நஞ்சு

படகின் அடியிற் பாசியும் கொட்டலசும் பற்றாதிருக்கப் பூசப்படும் வர்ணத்திற் பெரும்பாலும் செப்புச் சேர்வை கலந்திருக்கும். அது சிறிது சிறிதாக நீரிற் கரைந்து, ஒட்ட வரும் உயிர்களைக் கொல்லும். செம்பின் இக்குணத்தை நீங்கள் முன்பே அறிவீர்கள். துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை பூஞ்சண நோயைத் தடுப்பதும் செம்பினாலேயே. ஆயினும், செம்பு மட்கி அழியும் பொருளன்று. மேன்மண்ணிலேயே தங்கி ஆண்டுதோறும் திரளும். மிகுந்தால் வேர்கள் குறுகித் தடிக்கும், இலைகள் மஞ்சளிக்கும், மண்புழு குறையும். புளிப்பு மண்ணில் இக்கேடு இன்னும் கடுமையாகும். செம்மறியாடுகளுக்குச் சிறிதளவு செம்பும் ஆபத்தானது.

பழைய பூச்சுகள் சிலவற்றில் ஈயமோ, செம்பினுங் கொடிய வெள்ளீயச் சேர்வையோ இருத்தல் கூடும். போர்டோ நகருக்கு அண்மையிலுள்ள ஆர்க்கஷோன் குடாவில், 1970களின் பிற்பகுதியில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடுகள் விகாரமாகத் தடித்தன, குஞ்சுகள் அருகின. படகு வர்ணத்திலிருந்த வெள்ளீயச் சேர்வையே காரணமெனக் கண்ட பிரான்சு அரசு, 1982 இல் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடை செய்தது. உலகளாவிய உடன்படிக்கை 2001 இல் ஏற்கப்பட்டு 2008 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பழம்படகுகளின் அடியடுக்கில் அது இன்னும் ஒளிந்திருக்கலாம். எனவே, முன்வரலாறு தெரியாத படகின் வர்ணத்தை நஞ்சென்றே கொள்க.

2. முழுவதும் அகற்றுதல் வேண்டுமா?

பழைய பூச்சு உறுதியாகப் பற்றியிருந்தால், ஈரமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்கு ஒத்த புதிய வர்ணத்தை மேலே பூசலாம். உரிந்தும் வெடித்தும் பல அடுக்காய்த் தடித்தும் இருப்பின் மட்டுமே முழுவதும் அகற்றுக. கொட்டலசு நன்னீரில் வாழாது. நன்னீரில் மட்டும் ஓடி, வேலை முடிந்ததும் கரையேற்றப்படும் படகிற்கு நச்சு வர்ணமே வேண்டியதில்லை. அத்தகைய படகை ஒருமுறை சுத்தம் செய்தபின் அவ்வப்போது கழுவுதலே போதும்.

3. இடமும் காலமும்

கிணறு, நாற்றுமேடை, கீரைப்பாத்தி, வாய்க்கால், ஆட்டுப்பட்டி ஆகியவற்றுக்குத் தொலைவான மேட்டுநிலத்தைத் தெரிந்தெடுக்க. மழையும் காற்றும் இல்லாத நாளே ஏற்றது. படகின் கீழே கிழிசலற்ற தறப்பாளை விரித்து, நாற்புறமும் ஒரு மீற்றராவது வெளியே நீளச் செய்து, அதன் ஓரங்களின் அடியில் மணல் வரம்பிட்டு உயர்த்துக. வயலில் நீர் வெளியேறாமல் வரப்புக் கட்டுவது போன்றதே இது.

4. செய்முறை

(அ) படகு கரையேறியவுடன், ஈரம் காயுமுன் பாசியையும் கொட்டலசையும் மரத்தகட்டால் நீக்குக. காய்ந்தபின் அவை இறுகிவிடும்.

(ஆ) தூசி தடுக்கும் முகமூடி, கண்ணாடி, கையுறை, நீண்ட கைச்சட்டை ஆகியவற்றை அணிக. முகத்திற் கட்டிய துணி நுண்தூளைத் தடுக்காது.

(இ) முனைகளை அரத்தால் உருட்டிய சுரண்டு தகட்டைச் சாய்வாகப் பிடித்து, உம்மை நோக்கி இழுத்துச் சுரண்டுக. முதலில் ஒரு சாண் இடத்திற் சோதித்துப் பார்த்தல் நன்று.

(ஈ) எஞ்சியதை 80 ஆம் இலக்க நீர் உப்புத்தாளால் நனைத்து நனைத்துத் தேய்த்து, 120 ஆம் இலக்கத்தால் முடிக்க. ஈரமாகத் தேய்த்தால் தூள் பறவாது.

(உ) வழவழப்பான மேற்றோலின் நிறம் தெரிந்தவுடன் நிறுத்துக. அத்தோல் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அது தேய்ந்தால் நீர் உட்புகுந்து கொப்புளங்கள் உண்டாகும்.

(ஊ) கழுவி நன்கு உலர்த்தி, வெடிப்பும் கொப்புளமும் உளவோவெனப் பார்த்துச் சீர்செய்க. அதன்பின்னரே அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடுக. செப்பு வர்ணத்தை அலுமினியப் பாகங்களிற் பூசலாகாது, அவை அரிக்கப்படும்.

5. செய்யத்தகாதவை

ஊதுவிளக்கால் வர்ணத்தை எரிக்க வேண்டாம். நச்சுப்புகை எழும், படகும் கெடும். மரத்திற்கும் இரும்பிற்கும் உரிய வர்ணங்களையும் திராவகத்தைப் பயன்படுத்த வேண்டாம். அது கண்ணாடியிழையைப் பிணைக்கும் பிசினை இளக்கிவிடும். கண்ணாடியிழைக்கு உகந்ததெனப் பேணியிற் குறிக்கப்பட்டதையே வாங்குக. மின்பொறியால் உலரத் தேய்க்க வேண்டாம். வேலைக்கிடையில் வெற்றிலை போடுதலும் புகைத்தலும் ஆகா. வேலை உடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

6. கழிவை என் செய்வது?

தேய்த்த நீரைத் தறப்பாளிலிருந்து வாளியில் முகந்து தெளியவிட்டு, அடர்ந்த துணியில் வடிக்க. வடித்த நீரிலும் கரைந்த செம்பு இருக்குமாதலால் அதை வயலிலோ ஆற்றிலோ ஊற்றாது கலத்திற் சேர்த்து வைக்க. வண்டலையும் சுரண்டிய தூளையும் தேய்ந்த தாள்களையும் மூடியுள்ள பேணியிலிட்டு அடையாளமிடுக. எருக்குழியிற் போடுதலும் எரித்தலும் புதைத்தலும் கூடா. 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கையின் கரையோரத் தாழ்நிலங்கள் மூழ்கியதை மறவாமல், அவற்றை உயரமான இடத்தில் வைக்க. பின்னர் உள்ளூராட்சி மன்றத்தை விசாரித்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க.

நினைவிற் கொள்க: ஈரமாகத் தேய்க்க, மேற்றோலில் நிறுத்துக, தூளைத் திரட்டுக. ஒரு பேணித் தூளைக் காக்கும் சிறு முயற்சி, உங்கள் பிள்ளைகள் உண்ணப்போகும் கீரையையும் அவர்கள் உழப்போகும் மண்ணையும் காக்கும்.