சந்தனம் யாருடைய மரம்?

தம்பி தங்கைகளே, நம்ம கோல சிலாங்கூர் தோட்டத்துக் கோயில்ல நெற்றியில் இடுற சந்தனம் எங்கிருந்து வருது?

1792இல் திப்பு சுல்தான் சந்தன மரத்தை அரசுக்குச் சொந்தமாக்கினார். பின்னாளில் தமிழகத்திலும் அதே நிலைதான். தன் நிலத்தில் முளைத்தாலும் தன்னுடையதில்லை. திருடு போனால் விசாரணை மட்டும் தன்னிடம்! விவசாயி ஏன் வளர்ப்பார்? கன்றைக் கண்டதும் பிடுங்கிப் போட்டார். 2002இல் சட்டம் மாறி, மரம் நிலத்துக்காரருக்கே என்றானது. ஆனாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும்.

காட்டுச் சந்தனம் வேற விஷயம். வேரிலும் எண்ணெய் இருப்பதால் வேரோடு பிடுங்குவாங்க, மறுபடி துளிர்க்காது. மேற்கு ஆஸ்திரேலியா 1929லேயே தனிச்சட்டம் போட்டது. அங்கே உரிமம் இல்லாமல் எடுக்க முடியாது, அளவும் உண்டு.

அடுத்த வகுப்புக்கு முன், உங்க கோயில்ல உரசுறது கட்டையா, கடைப் பொடியான்னு பூசாரி ஐயாகிட்ட கேட்டுட்டு வாங்க.